அடையாளம் தெரியாத சாட்சி

எஸ்பியர் நகரத் திரையரங்கில் ஓவியர் டோவேக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய மீனைப் புதிதென்று விற்கும் ஆலையை அம்பலப்படுத்திய தொழிலாளியின் முகத்தை மறைக்க, ஆவணப்படத்தில் அவரைக் கார்ட்டூனாக வரைந்தவள் அவள்தான்.

“பேசினவன் யாருன்னு பாக்க ஆலை முதலாளியே வந்திருக்காரு. மாட்டிக்க மாட்டானே?” என்று நகம் கடித்தார் இயக்குநர் வில்லாட்ஸ்.

“பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாது! பேட்டியில பாத்த சுருட்டை முடியை மொட்டையாக்கிட்டேன். தாடியை மழிச்சிட்டேன். கண்ணாடியைக் கழட்டிட்டேன்!”

படம் ஓடியது. திரையில் மொட்டைத்தலை முகம் தெரிந்ததும் முதலாளி துள்ளி எழுந்தார். “அடப்பாவி, நம்ம ஹோல்கர்!”

பின்வரிசையிலிருந்து அதே மொட்டைத்தலை ஓடிவந்து, சுருட்டை டோப்பா ஒன்றை டோவேயின் மடியில் எறிந்தது.

“அடையாளம் தெரியக் கூடாதுன்னுதானே இதையும் ஒட்டுத்தாடியையும் மாட்டிக்கிட்டு பேட்டிக்கு வந்தேன்! எல்லாத்தையும் கழட்டிட்டியே, தாயீ!”