கவிழ்த்த டம்ளர்

“அண்ணே, உன் வீட்டைக் காட்டு.”

கேட்கவே கூடாதென்று அம்மா சொல்லி அனுப்பியதை இளவஞ்சி கேட்டுவிட்டாள். மூன்று நாளாக அவளை ஒரு விடுதியில் தங்கவைத்துக் கதிரேசன் டெல்லியைச் சுற்றிக் காட்டினான். சாந்தினி சௌக், ஹவுஸ் காஸ், லஜ்பத் நகர். தமிழ்ச் சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் அவளை எதிர்ப்பக்கம் இழுத்துப் போனான். இன்று வேறு வழியில்லாமல் கூட்டிவந்தான். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாவும் அவர்கள் ஜில்லாதான். வாசலிலேயே தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் இளவஞ்சியின் கை, எம்.எஸ்ஸி. எழுதிய கை, தன்பாட்டுக்கு டம்ளரைக் கழுவிக் குழாயடியில் கவிழ்த்து வைத்தது. ஊரில் மேல்சாதிக்காரர் வீட்டு வாசலில் அவர்கள் தெருக்காரர்கள் அப்படித்தான் வைக்கவேண்டும்.

அந்த அம்மா டம்ளரையே பார்த்தாள். “நம்ம பக்கம்னு தம்பி சொல்லுச்சு. எந்தத் தெரும்மா?”

கதிரேசன் இளவஞ்சியை மாடியில் தன் அறைக்கு இழுத்துப்போய்த் தாழ் போட்டான். “கெடுத்தியேடி! ஏழு வருஷமா மறைச்சு வச்சது. பின்படியில இறங்கி ஓடிரு, நான் ஏதாவது சொல்லிக்கிறேன்.” கீழே முன்படியடியில் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

இளவஞ்சி பையைக் கையில் எடுத்தாள். “ஓடுறதுக்கு நான் என்னத்தைத் திருடினேன்?”

அதைத் தோளில் மாட்டினாள். தாழை நீக்கி, முன்படியில் இறங்கினாள்.