மெஷின் மிச்சம் பிடித்த நேரம்

பெயர்ப்பலகைக் கடைக்குள் காலை வெயில் பளிச்சென்று விழுந்து கிடக்கிறது. வெட்டிய ஸ்டிக்கரில் வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும் புது மெஷின் கிர்ரென்று சுற்றி நிற்கிறது. கடைக்காரரின் மனைவி இடுக்கி பிடித்து அரைமணி நேரம் செய்யும் வேலை ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. உரிந்த கழிவை இழுத்துப் போட்ட கையோடு கடைக்காரர் மனைவியைப் பார்த்து மீசையை முறுக்குகிறார். "பாத்தியா, எவ்வளவு நேரம் மிச்சம்!" தன் பலகைக்காகக் காத்திருக்கும் மீன்கடைக்காரம்மா எட்டிப் பார்க்கிறார். "அண்ணே, என் மீனுக்குக் கண்ணு எங்க?" கழிவோடு கண்ணும் உரிந்துபோயிருக்கிறது. கடைக்காரர் பதறி, ஒட்டிக்கொண்ட சுருளைப் பிரிக்கிறார், சட்டையை உதறுகிறார், மேசைக்கடியில் தவழ்கிறார். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணீரோடு இடுக்கியை எடுத்து வருகிறாள். "மிச்சம் பிடிச்ச நேரம் தேடுறதுக்கே சரியாப் போச்சு. கொஞ்சம் அசையாம இருங்க." அவருடைய மீசை நுனியிலிருந்து மீனின் நீலக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது.