சொந்தக் குரல்

பேராசிரியர் நடத்துவதைப் பதிவுசெய்து, வாங்குபவரின் சொந்தக் குரலிலேயே திருப்பிச் சொல்லும் ரெக்கார்டர்தான் வேண்டும் என்று கோமதி ஒற்றைக் காலில் நின்றாள். வக்கீலாகப் போகிறவளுக்கு வேறு எது பொருந்தும்?

பாளையங்கோட்டைக் கடைக்காரர் அவளைக் கொஞ்சம் பேசச் சொல்லிக் குரலை எடுத்துக்கொண்டார். பிறகு தயங்கிக் கேட்டார்: "திக்குறத அப்படியே விட்டுரவாம்மா, எடுத்துரவா?"

"எ... எ... எடுத்துருங்க."

மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, அறைக்குள் நுழைந்ததும் அதைப் போட்டாள். அன்றைய ஒப்பந்தச் சட்டம் முழுவதும் அவள் குரலில், ஓரிடத்திலும் தடுக்காமல் ஓடியது. கோமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. நீதிபதி எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் கையை வீசி வீசி நடந்தாள். அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினாள்.

சற்று நேரத்தில் அம்மா சிரித்த முகமாக உள்ளே வந்தாள். கையில் இரண்டு டம்ளர் காப்பி.

"ஏட்டி, சேக்காளியக் கூட்டிட்டு வந்தா சொல்ல மாட்டியா? எங்க அந்தப் பிள்ளை? என்னமாப் பேசுதா."