நல்ல மெஷின்

"கம்பனிகளைத் திட்டிப் பாடின பங்க் பாண்ட், கடைசியில கம்பனிக்கே வாழ்க்கைப்பட்டிட்டுது!" கம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில், டிரம்ஸ் அடிக்கும் பிரியந்தன் நக்கலடித்தான்.

"அவங்களிட்ட நல்ல மெஷின் இருக்கு, மச்சான்" என்றான் பாடகன் சாரங்கன்.

ஒலிப்பதிவாளர் இப்திகார் திரும்பினார். "வெள்ளவத்தை வீட்டில எடுத்த இந்தப் பாட்டில ஒரு பொம்பிள சத்தம் போடுறாங்க. அழிச்சிரவா?"

"அதை விட்டிட்டு மற்றதெல்லாத்தையும் அழியுங்கோ" என்றான் சாரங்கன்.

"அப்ப பாட்டே இருக்காதே!"

"பாட்டு எப்ப இருந்தது?"

இப்திகார் சிரித்துக்கொண்டே, சத்தங்களைப் பிரித்தெடுக்கும் அந்த மெஷினில் கிற்றாரையும் டிரம்ஸையும் சாரங்கனின் கத்தலையும் ஒவ்வொன்றாக அழித்தார். குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"என்னப்பா, சத்தத்தைக் குறையுங்கோ. சோறு ஆறுது."

பிரியந்தன் தலையைக் குனிந்துகொண்டான். சாரங்கனின் மனைவி சுபோதினி செத்துப் பத்து மாதமாகிறது.

"இன்னொருக்காப் போடுங்கோ" என்றான் சாரங்கன். "எங்கட ஆல்பத்திலயே சுருதி சேர்ந்தது இது ஒண்டுதான்."