ரெஜினா அக்காவின் முதல் லோடு

எங்கோ நடக்கும் போரால் ராயபுரம் பாலத்தடி பங்க்கில் டீசல் வரிசை நீள்கிறது. அதை ஒட்டி, ஐஸ் வியாபாரி ரெஜினா அக்கா வளையலை விற்று வாங்கிய பேட்டரி வண்டி முதல் லோடுடன் வருகிறது. பத்துக் கட்டி, ஐந்நூறு கிலோ. எடையை இருமுறை கூட்டிப் பார்த்தும், பாலத்து மேடு ஏறுமா என்று வண்டியில் கூட வரும் எனக்குச் சந்தேகம். வரிசையில் நிற்கும் வேன்காரர் கமால் சிரிக்கிறார். “இன்னா ரெஜினா, சத்தமே காணோம்? பொம்மை வண்டியா?” “நீ வரிசைல நில்லு பாய், நான் மீன் போட்டுக்கு ஐஸ் போட்டுட்டு வரேன்.” பாதி மேட்டில் வண்டி தயங்குகிறது. ஐஸை மூடிய உமிக்குள்ளிருந்து கசியும் நீர் வெயிலில் மின்னியபடி கீழே ஓடுகிறது. வண்டி நிற்கவில்லை, உச்சியை எட்டிவிட்டது. சத்தமில்லாததால் முன்னால் நடப்பவர்கள் விலகவில்லை. அக்கா ஹாரனைத் தொடவே இல்லை; தலையை நீட்டி, பாலம் அதிரக் கத்துகிறாள்: “காசிமேட்டு ஐஸு! வயி வுடு!”