எந்தத் தேதியிலிருந்து?

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஓப்பல் டீக் விசாரணை அறைக்குள் நுழைந்ததும் வக்கீல் வாண்டிவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மிசூரியில் அவருடைய வக்கீல் உரிமத்தை ஓராண்டு முடக்கிய புகாரில் கையெழுத்துப் போட்டவர் அந்த அம்மாள்தான். அவருடைய இடுப்பெலும்பு முறிந்ததற்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கு. தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியை வாண்டிவர் கோட்டை விட்டுவிட்டார்.

அவர் தொழில் செய்த தெருவில் ஒரு பக்கம் மிசூரி, மறுபக்கம் கான்சாஸ். இரண்டு மாநிலத்துக்கும் உரிமம் வைத்திருந்தார். ஒரு பக்கம் அடி விழுந்தால் மறுபக்கமும் விழும்; இரண்டு பக்கமும் தடை தீரும்வரை எங்கும் வாதாட முடியாது. குற்றம் உண்டா இல்லையா என்று, இந்த விசாரணை நடக்கும் கான்சாஸில் மறுபடி யாரும் கேட்கப்போவதில்லை.

கேள்வி ஒன்றுதான். இங்கே அந்த ஓராண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

மிசூரி ஆணையின் தேதி என்றால் வருகிற வெள்ளியோடு தீர்ந்தது. இன்றைய தேதி என்றால் இன்னும் ஒரு வருடம் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் டப்பா அடுக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரர் தேடி வருவார்?

அரசுத் தரப்பு வக்கீல் இன்றைய தேதியைத்தான் கேட்டார். தவறை உணர்ந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை என்றார்.

தன் நல்லதைத் தானே சொல்லிக்கொள்ள வாண்டிவருக்குக் கூச்சம். சரியான மனிதர்!

மூவர் அமர்வின் தலைவி, ஓப்பல் பக்கம் திரும்பினார். “நீங்க ஏதும் சொல்லணுமாம்மா?”

“புகார் என்னோடதுதான். எழுத்து என்னோடது இல்லீங்க. இந்த விரலு மடங்குமா, பாருங்க! தேதி போயிடுச்சுன்னு வீடு தேடி வந்து சொன்னதே இந்த மனுஷன்தான். புகார் குடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நான் சொல்லச் சொல்ல, அவரே எழுதினாரு.”

தலைவி கோப்பைப் புரட்டிப் புகார்க் கடிதத்தை எடுத்தார். நடுவில் ‘மறதி’ என்ற சொல்லை அடித்து, மேலே ‘அலட்சியம்’ என்று எழுதியிருந்தது.

“மறதின்னுதான் நான் சொன்னேன்” என்றார் ஓப்பல். “அத அடிச்சது நான் இல்ல.”

வாண்டிவர் குனிந்த தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

தலைவி இருபுறமும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். உத்தரவில் தேதிக்கென்று விட்டிருந்த இடத்தில் அவர் மிசூரி ஆணையின் போன வருடத் தேதியை எழுதினார்.