காண்க: கச்சு

“சார், கச்சுன்னா என்னன்னு நம்ம அகராதியில எங்கயுமே இல்ல.”

பூதக்கண்ணாடி இதைச் சொன்னதும் மேசையைச் சுற்றியிருந்த ஆறு ஆண்களுக்கும் ஒரே நேரத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. அவர்களில் நானும் ஒருவன்.

பூதக்கண்ணாடி என்பது அவளுக்கு நாங்கள் வைத்த பெயர். எறும்பளவு பிழையும் அவளிடமிருந்து தப்பாது.

இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தாள். ஒன்றில், ‘கச்சு: காண்க மகளிர் உள்ளாடை.’ மற்றதில், ‘மகளிர் உள்ளாடை: காண்க கச்சு.’ படிப்பவர் ஆயுள் முழுக்க இங்கும் அங்கும் நடக்கலாம்.

யாரோ இருமினார்.

மறுநாள் அகராதி அச்சுக்குப் போகிறது. தற்காலிகமாக வேலை பார்த்த அவள், நான் இருவரில் ஒருவரைத் தலைமைப் பதிப்பாசிரியர் அன்றுதான் நிரந்தரமாக்கப் போகிறார். மற்றவர் வீட்டுக்கு. அப்படிப்பட்ட நாளில் நானாயிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அவள் எழுந்து நின்று, தான் எழுதி வந்ததை வாசித்தாள். கடையில் பிரா என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்குத் தமிழில் முன்பே இருந்த சொல் இது. மார்பைத் தாங்க இறுக்கிக் கட்டுவது. பட்டை, கொக்கி, தோள்வார் எல்லாவற்றையும், குடைக்கு எத்தனை கம்பி என்று சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

பிறகு வேருக்குப் போனாள். இடுப்பில் கட்டும் கச்சையும் இதுவும் ஒரே குடும்பம். பழைய பாட்டுகளில் வீரன் இடுப்பில் கட்டியதற்கும் கச்சு என்றுதான் பெயர். அவன் கட்டினால் கம்பீரம். அக்கா தங்கை கட்டினால் மட்டும் நமக்கு இருமல் வருகிறது.

அடேயப்பா! பொறாமையையும் மீறி எனக்குக் கைதட்டத் தோன்றியது. நெளிந்துகொண்டிருந்தவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். ஒருவர் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

தலைமைப் பதிப்பாசிரியருக்கு மட்டும் முகம் கடுத்தது. அவள்மேல் அல்ல.

“இந்தக் கூத்தை எழுதினது யாரு? அட்டை மூலையில இனிஷியல் போட்டிருக்கணுமே?”

அவள் யாரையும் பார்க்கவில்லை.

“மூலை கிழிஞ்சு போயிருக்கு சார். தெரியல.”

அட்டைகள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தன.

கிழியவில்லை. இரண்டிலும் மூலை கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. போன வருஷம், எழுதக் கூசி ஒன்றை இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டு, என் முதலெழுத்தை நான் போட்ட மூலை.

என் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் போதும், வேலை அவளுக்கு.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.